பிள்ளை லயத்தில், போன் கொழும்பில்

போன வாரம் தலவாக்கலையில் ஒரு கூட்டம். வெளியூரிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகளின் தோல் நோயைக் குறைக்க வழி கிடைத்துவிட்டது என்றார். "இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மெசேஜ் அனுப்பினால் தாய்மாருக்கு விழிப்புணர்வு வந்துவிடும்" என்று சொன்னதும் மண்டபத்தில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எங்கள் மேட்டு லயத்துப் பிள்ளை ஒன்றின் முகம் கண்ணுக்குள் நின்றது.

பிள்ளைக்கு ஒன்றரை வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான். வைத்தியர்கள் எக்சிமா என்பார்கள். இரவெல்லாம் சொறியும், விடிந்து பார்த்தால் தலையணை உறையில் சின்னச் சின்ன இரத்தப் பொட்டுகள். தாய் கொழுந்து பறிக்கிறவள். இந்தப் பிள்ளைக்கும் மெசேஜ் வரத்தான் செய்தது. கிளினிக்கில் பதிந்த அன்று நம்பர் கேட்டார்கள். வீட்டில் இருந்த ஒரே நம்பரைக் கொடுத்தாள். அது கணவனுடையது. அவன் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறான். "குளிப்பாட்டி மூன்று நிமிடத்துக்குள் கிரீம் பூசுங்கள்" என்ற அறிவுரை ஒழுங்காகக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளை தலவாக்கலையில் சொறிந்துகொண்டிருந்தது.

"வந்துச்சுங்க டீச்சர், அவரு போனுக்குத்தான் வந்துச்சு. பக்கத்துக் காம்பராவுக்கு எடுக்கிறப்ப, கிரீம் பூசுனியா, கிரீம் பூசுனியான்னு கேக்குறாரு. எந்தக் கிரீமுங்க பூசுறது?"

அவள் கேட்ட இந்தக் கேள்விக்கு அந்த மண்டபத்தில் பதில் இல்லை. ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை: மலையகத்துப் பிள்ளைக்கு எது வந்தாலும் காரணம் தாயின் அறியாமை. நம்மில் படித்து மேலே வந்தவர்களும் இதையே சொல்கிறோம். அறியாமைதான் நோய் என்றால் அறிவுரைதான் மருந்து. அறிவுரையை அனுப்புவதற்குச் செலவும் அதிகமில்லை. அதனால்தான் இந்த நம்பிக்கை எல்லாருக்கும் இவ்வளவு வசதியாக இருக்கிறது.

எக்சிமா தாயின் அறியாமையால் வருவதில்லை, அழுக்கினாலும் வருவதில்லை. தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் வரும் பழுது இந்நோய்க்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படிப்பட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. சவர்க்காரமும் குளிரும் உடம்போடு உரசும் கம்பளியும் அதை மேலும் கெடுக்கும். "பிள்ளையைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று ஆண்டாண்டு காலமாக நம் தாய்மாருக்குச் சொல்லி வந்தோமே, அந்தப் பேச்சைக் கேட்டுச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்த தாய்தான் இங்கே பிள்ளையின் தோலை இன்னும் காய வைத்தாள். அறிவுரை அவளுக்குப் புதிதல்ல.

அவளிடம் இல்லாதது கிரீம். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எக்சிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஈரப்பூச்சு வேண்டும் என்றிருக்கிறது. மேட்டு லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது சின்ன டப்பியில் வழித்துப் போட்ட கொஞ்சம் பூச்சு. மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. மூடியைத் திறந்து என்னிடம் காட்டினாள். சுண்டுவிரலை உள்ளே விட்டு விளிம்பு முழுக்கச் சுற்றி வழித்திருந்த தடம் தெரிந்தது. அந்த டப்பியைப் பார்த்த பிறகும் இந்தப் பெண்ணுக்கு விழிப்புணர்வு போதாது என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா?

அவளிடம் இல்லாத இன்னொன்று நேரம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவேண்டும். கேட்ட கிலோ கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். தோல் வைத்தியரைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போனால் அன்றைய பேரே இல்லை. அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே 2024இல்தான், அதுவும் எத்தனை போராட்டத்துக்குப் பிறகு! பஸ் காசையும் கடையில் வாங்கும் கிரீமின் விலையையும் ஒரு நாள் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டச் சொல்கிறார்கள். அதற்கு விறகு வேண்டும்; விறகு எரித்தால் புகை; அந்தப் புகையும் பிள்ளையின் தோலுக்கு ஆகாது. எங்கள் ஊரில் ஆற்றை மறித்துத்தான் மேல் கொத்மலைத் திட்டத்தை 2012இல் திறந்தார்கள். அதன் திறன் 150 மெகாவோட். அணைக்கு மேலே இருக்கிற லயத்தில் ஒரு தாய் பிள்ளையைக் குளிப்பாட்ட இன்னும் சுள்ளி பொறுக்குகிறாள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. லயத்தில் சொறியும் பிள்ளைக்கெல்லாம் எக்சிமா இல்லை. நெருக்கமாகப் படுத்துறங்கும் காம்பராவில் சிரங்கும் வரும். அது கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியால் வருவது, ஒட்டிப் பரவுவது. வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து பூசினால்தான் போகும். எக்சிமா யாருக்கும் ஒட்டாது. இரண்டிலும் பிள்ளை இரவில்தான் அதிகம் சொறியும். எது எது என்று தெரிய, ஒருவர் பிள்ளையின் விரலிடுக்கை விரித்து, மணிக்கட்டைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மெசேஜுக்குக் கண் கிடையாது. ஒட்டும் என்று பயந்து, மேட்டு லயத்துப் பிள்ளையை, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இரண்டு வாரம் சேர்க்காமல் விட்டார்கள். அந்த இரண்டு வாரமும் தாய்க்குப் பேர் இல்லை. "இது ஒட்டாது" என்று அங்கே வந்து சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். அதைச் சொல்லும் மெசேஜும் ஒருநாள் வந்ததாம். அதுவும் கொழும்புக்குத்தான்.

தேயிலைச் செடியை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம்முடைய தலவாக்கலையில், சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. துளிர் இலையில் கொப்புளம் கண்டதும் ஆய்வாளர்கள் மலையேறினார்கள், இலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் கரைத்து முதுகில் சுமந்துபோய்ச் செடிசெடியாகத் தெளித்தார்கள். இலையில் கொப்புளம் வந்தால் ஆள் வருகிறார், மருந்து வருகிறது. அந்த இலையைப் பறிக்கிறவளின் பிள்ளை தோலில் கொப்புளம் வந்தால் மெசேஜ் வருகிறது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

இப்படிப் பேசினால் உடனே கென்யாவைக் காட்டுவார்கள். அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வாரம் ஒரு மெசேஜ் அனுப்பினார்கள், மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், 2010இல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வந்தது என்பார்கள். உண்மைதான். அந்த மெசேஜில் என்ன இருந்தது? அறிவுரை எதுவும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்ற ஒரே கேள்விதான். நோயாளி இரண்டு நாளுக்குள் பதில் அனுப்பவேண்டும். கஷ்டம் என்று பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும், கிளினிக்கிலிருந்து தாதி அழைத்துப் பேசினார். கேட்பதற்கு மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார், கொடுப்பதற்கு மருந்தும் இருந்தது. நம்மிடம் வரும் மெசேஜுக்குப் பதில் அனுப்ப வழியே இல்லை. "எந்தக் கிரீம்?" என்று அவள் யாரைக் கேட்பாள்?

மொழியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதினார்கள். அந்தக் கணவன் எனக்குக் காட்டிய மெசேஜ் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். தோல் என்று படிப்பதா தோள் என்று படிப்பதா என்று புடைவைக் கடையில் மூன்று பேர் கூடி யோசித்தார்களாம். மருந்து உறையில் எழுதியிருப்பதும் நமக்கு விளங்காத மொழிதான். எழுத்தும் நமக்கு வராது, மருந்தும் வராது, கடைசியில் "அறியாமை" என்ற பெயர் மட்டும் நமக்கு வரும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைக்காம்பராவுக்குத் தோலைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வரட்டும். கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய்மார் பிள்ளையை எடுக்க வரும் மாலை நேரத்தில் வரட்டும். அப்போது யாருக்கும் பேர் போகாது. பெரிய டப்பாவில் கிரீம் கொண்டு வரட்டும். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவின் கையில் அதைக் கொடுத்து, மயிர் படிந்திருக்கும் பக்கமாக எப்படித் தடவுவது, எவ்வளவு தடவுவது என்று ஒரு பிள்ளையின் காலிலேயே செய்து காட்டட்டும். அதற்குப் பிறகு மெசேஜ் அனுப்புங்கள், நானும் கைதட்டுகிறேன்.

அதுவரை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்று யாரும் மேடையில் சொல்லவேண்டாம். மேட்டு லயத்தில் அந்தத் தாயின் கையில் இருப்பது வழித்துத் துடைத்த ஒரு டப்பி.