தடை வந்தால்தான் கதவு திறக்குமா?

2017 அக்டோபர் 28 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. ஸ்பெயின் முதலில் இரண்டு கோல் போட்டு முந்தியது. இங்கிலாந்துப் பையன்கள் பதிலுக்கு ஐந்து கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட ஃபில் ஃபோடன் தொடரின் சிறந்த வீரரானார். ரியான் ப்ரூஸ்டர் மொத்தம் எட்டு கோல் போட்டிருந்தார். மார்க் கேஹி, கானர் கேலகர், கேலம் ஹட்சன்-ஓடோய், எமில் ஸ்மித் ரோ, மோர்கன் கிப்ஸ்-வைட் என்று இன்று கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பல பெயர்கள் அந்த அணியில் இருந்தன. அதே ஆண்டில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையும் 19 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையையும் இங்கிலாந்தே வென்றது. ‘எங்கள் நாட்டுப் பையன்களுக்குப் பந்தை அடக்கவே தெரியவில்லை’ என்று அங்கே பல்லாண்டுகளாக நடந்த புலம்பலுக்கு அந்த ஆண்டு முற்றுப்புள்ளி வைத்தது. 2012-இல் பிரீமியர் லீக் கொண்டுவந்த அகாடமிச் சீர்திருத்தம், அதாவது தரவாரியாக அகாடமிகளைப் பிரித்து, பயிற்சி நேரத்தைக் கூட்டி, பணத்தைக் கொட்டியது, பலன் தந்துவிட்டது. வீரர்களை உருவாக்கத் தெரியுமா என்ற கேள்வி முடிந்தது. உருவானவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

ஏனென்றால் அந்தப் பையன்கள் போன பாதைகளைப் பாருங்கள். ஃபோடன் தன் மான்செஸ்டர் சிட்டியிலேயே நின்றார், முதல் அணிக்குப் படிப்படியாக ஏறினார். அதே சிட்டி அகாடமியில் இருந்த ஜேடன் சாஞ்சோ, இங்கே இடம் கிடைக்காது என்று கணித்து, உலகக் கோப்பைக்குச் சற்று முன்பே ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போய்விட்டார். கேலகர் செல்சியிலிருந்து சார்ல்டன், ஸ்வான்சி, வெஸ்ட் பிராம், கிரிஸ்டல் பேலஸ் என்று நான்கு இடங்களுக்கு இரவல் போய் வந்தார். கேஹி, செல்சிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமலேயே 2021-இல் பேலஸுக்கு விற்கப்பட்டு, அங்கே கேப்டனாகி, 2025-இல் அந்தக் கிளப்புக்கு முதல் எஃப்.ஏ. கோப்பையை வாங்கிக் கொடுத்தார். திறமையில் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்ததில் திறமைக்கு நிகராக இன்னொன்றும் இருந்தது: 18 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் யாராவது ஒரு பயிற்சியாளர் கதவைத் திறந்தாரா இல்லையா என்பது. பெரிய கிளப்கள் அந்தக் கதவைத் தாமாகத் திறப்பது அபூர்வம் என்பதே என் வாதம். வேறு வழி இல்லாதபோது திறக்கிறார்கள். இப்போது போதாக்குறைக்கு, திறக்காமல் இருப்பதற்குக் கணக்கு விதிகள் பரிசும் கொடுக்கின்றன.

செல்சியை விடச் சிறந்த சாட்சி இதற்குக் கிடையாது. 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை எஃப்.ஏ. யூத் கோப்பையை வென்ற கிளப் அது. ஐரோப்பிய யூத் லீகையும் 2015, 2016 என்று இரண்டு முறை வென்றது. இத்தனை கோப்பைகள் வென்ற பையன்களில் முதல் அணியில் நிலையான இடம் பிடித்தவர்கள் மிகக் குறைவு. சந்தையில் பெரிய பெயரை வாங்குவதும், சொந்தப் பிள்ளைகளை டஜன் கணக்கில் இரவலுக்கு அனுப்புவதும்தான் நடைமுறை. பிறகு 2019 பிப்ரவரியில் ஃபிஃபா செல்சிக்குத் தடை விதித்தது: இரண்டு ட்ரான்ஸ்ஃபர் காலங்களுக்குப் புது வீரர்களைப் பதிவு செய்யக் கூடாது. வெளிநாட்டுச் சிறுவர்களை விதிமீறிச் சேர்த்ததற்கான தண்டனை அது. சிறுவர்களை அளவில்லாமல் குவித்ததற்கான தண்டனைதான், குவிந்து கிடந்த சிறுவர்களுக்கு வாழ்வு கொடுத்தது. அந்தக் கோடையில் ஏடன் ஹசார்டும் ரியல் மாட்ரிடுக்குப் போய்விட, புதிதாக வந்த பயிற்சியாளர் ஃபிராங்க் லாம்பார்டுக்குக் கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பதைத் தவிர வழியில்லை. மேசன் மவுண்ட், டாமி ஆப்ரகாம், ஃபிகாயோ டொமோரி, ரீஸ் ஜேம்ஸ் ஆகியோர் இறக்கப்பட்டார்கள். அணி மூழ்கவில்லை. லீகில் நான்காம் இடம், எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், ஆப்ரகாமுக்கு லீகில் மட்டும் 15 கோல். அடுத்த ஆண்டு, 2021-இல், செல்சி சாம்பியன்ஸ் லீகை வென்றபோது கை ஹாவெர்ட்ஸ் போட்ட ஒரே கோலுக்குப் பந்து கொடுத்தவர் மவுண்ட். வலது பக்கத்தைக் காத்தவர் ஜேம்ஸ். விற்கப்பட்ட டொமோரி 2022-இல் ஏசி மிலனோடு இத்தாலிய லீகை வென்றார். ஆப்ரகாம் அதே ஆண்டு ரோமாவோடு ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீகை வென்றார். தடை வந்த நாளில் இவர்கள் திடீரென்று தேறிவிடவில்லை. அதற்கு முந்தைய நாளும் இதே ஆட்டக்காரர்கள்தான்.

பார்சிலோனாவின் கதையும் வேறல்ல. 1979-இல் தொடங்கிய லா மாசியா அகாடமியைப் பற்றி எவ்வளவோ புகழ் பாடப்படுகிறது; 2012 நவம்பரில் லெவாண்டேவுக்கு எதிராகக் களத்தில் நின்ற பதினொரு பேருமே அங்கே பயின்றவர்களாக இருந்த அரிய காட்சியும் உண்மைதான். ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்தக் கிளப் நெய்மரை விற்ற பணத்தை கூட்டினியோ, டெம்பெலே என்று வாரி இறைத்தது. அகாடமி இருந்த இடத்திலேயே இருந்தது, பயிற்சி முறையும் பெரிதாக மாறவில்லை. முதல் அணிக்கான வழி மட்டும் அடைபட்டது. கடன் கழுத்தை நெரித்து, ஸ்பானிய லீகின் சம்பள உச்சவரம்பு புது வீரரைப் பதிவு செய்யவே விடாதபோதுதான் கவி, லமீன் யமால், பாவ் குபார்சி, ஃபெர்மின் லோபெஸ் வரிசையாக வந்தார்கள். யமால் முதல் அணிக்கு முதன்முதலில் ஆடியபோது வயது 15. அந்தத் தலைமுறையை வைத்து 2024-25 லீகை பார்சிலோனா வென்றது. பில்பாவோவின் அத்லெடிக் கிளப் வேறு வகை: பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள் அல்லது அங்கே பயின்றவர்கள் மட்டுமே ஆடலாம் என்று தனக்குத்தானே விலங்கு பூட்டிக்கொண்டது, ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. தண்டனை, கடன், கொள்கை என்று காரணங்கள் வேறு வேறு. விளைவு ஒன்றே. வெளியே வாங்கும் வழி மூடினால் உள்ளே இருக்கும் வழி திறக்கிறது.

இனி கணக்குப் புத்தகத்துக்கு வருவோம், வில்லங்கமே அங்கேதான். மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்பது 2025-26 சீசன் வரைக்குமான பிரீமியர் லீக் விதி. மீறினால் புள்ளிகள் பறிபோகும். 2023-24 சீசனில் எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் அப்படிப் பறிகொடுத்தன. 5 கோடிக்கு ஒரு வீரரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் ஆண்டுக்கு 1 கோடிதான் செலவாக எழுதப்படும். இரண்டாண்டு கழித்து அவருடைய ஏட்டு மதிப்பு 3 கோடி. அப்போது 4 கோடிக்கு விற்றால் லாபம் 1 கோடி. அகாடமியில் வளர்ந்த பையனுக்கோ வாங்கிய விலை கிடையாது, ஏட்டு மதிப்பு பூஜ்யம். அவனை அதே 4 கோடிக்கு விற்றால் முழு 4 கோடியும் அந்த ஆண்டே லாபம். சம்பளத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு சொந்தப் பையனை விற்ற பணம், வெளியிலிருந்து 5 கோடி வீதம் நான்கு பேரை வாங்கிய முதல் ஆண்டுக் கணக்கை நேர் செய்துவிடும். அகாடமிக்குச் செய்யும் செலவோ நஷ்டக் கணக்கில் சேராது. அகாடமியை ஊக்குவிக்க நல்லெண்ணத்தில் வைத்த சலுகைதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ‘நன்றாக வளர்த்து, நேரத்தோடு விற்றுவிடு’ என்றே அது கிளப் நிர்வாகியின் காதில் ஓதுகிறது.

ஓதியதை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 2023-இல் மவுண்ட் 5.5 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். 2023-24 சீசனில் ரீஸ் ஜேம்ஸ் காயத்தில் கிடந்த காலம் முழுக்கப் பெரும்பாலும் செல்சிக்குக் கேப்டனாக ஆடிய கேலகர், அடுத்த கோடையில் அட்லெடிகோ மாட்ரிடுக்கு அனுப்பப்பட்டார். அதே நாட்களில் அட்லெடிகோவிடமிருந்து ஜோவாவ் ஃபெலிக்ஸை செல்சி வாங்கியது. ஃபெலிக்ஸ் ஐந்தே மாதத்தில் மிலனுக்கு இரவல் போனார். ஆட்டத்தின் கண்ணோடு பார்த்தால் இது பித்துக்குளித்தனம். கணக்காளரின் கண்ணோடு பார்த்தால் கச்சிதம். 2024 ஜூன் 30, நிதியாண்டு முடியும் நாள் நெருங்க நெருங்க, கிளப்கள் இளைஞர்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டதை இங்கிலாந்தே பார்த்தது. செல்சியின் இயான் மாட்சன் ஆஸ்டன் வில்லாவுக்கு, வில்லாவின் 18 வயது ஒமாரி கெல்லிமன் செல்சிக்கு. நியூகாசில் தன் சொந்த ஊர் வட்டாரத்துப் பையனான எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்து தேசிய அணியில் ஆடினார்.

பயிற்சியாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான்கு ஆட்டம் தோற்றால் வேலை போகும் நிலையில் 18 வயதுப் பையனை நம்பு என்று ஒருவரிடம் சொல்வது எளிது, செய்வது கஷ்டம். 1995 ஆகஸ்டில் யுனைடெட் வில்லாவிடம் 3-1 என்று தோற்றதும், சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று தொலைக்காட்சியில் ஆலன் ஹேன்சன் தீர்ப்பளித்தார். அந்த சீசனில் யுனைடெட் லீகையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள், பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்களைச் சுற்றி ஷ்மைகேல், புரூஸ், கீன், கன்டோனா ஆகியோர் நின்றதைச் சொல்வதில்லை. இளைஞர்களுக்குக் கதவைத் திறப்பது என்றால் முழுப் பாரத்தையும் அவர்கள் தலையில் வைப்பது அல்ல. முழங்காலில் அடிபட்டு 18 வயதிலேயே தடம் புரண்ட பார்சிலோனா வீரர் அன்சு ஃபாத்தியின் நிலை இந்த எச்சரிக்கையைக் கூடுதலாக அழுத்துகிறது. ஃபோடனை எடுத்துக்கொள்ளுங்கள்: கொல்கத்தாவுக்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, 2019 ஏப்ரலில்தான் லீகில் முதல்முறையாகத் தொடக்கப் பதினொருவரில் இடம் பெற்றார். 2023-24-இல் பிரீமியர் லீகின் சிறந்த வீரர் அவர். காத்திருப்பது தவறில்லை. காத்திருப்பவனுக்கு ஒரு இடம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

இரவலுக்கு அனுப்புவதே சிறந்த பள்ளி, ஹாரி கேன் நான்கு கிளப்களுக்கு இரவல் போய் வந்தவர்தானே என்பார்கள். சரிதான், ஆனால் கேன் திரும்பி வந்தபோது டாட்டன்ஹாமில் அவரை ஆடவிட ஒரு பயிற்சியாளர் இருந்தார். திரும்பும் திட்டம் இல்லாத இரவல், விற்பனைக்கு முன் பொருளைக் கடைவாசலில் வைப்பது மாதிரி. 2022-இல் ஃபிஃபா சர்வதேச இரவல்களுக்கு எண்ணிக்கை வரம்பு கொண்டுவந்தபோது, 21 வயது வரையிலானவர்களையும் அந்தந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்களையும் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. யாரைக் காக்க வேண்டுமோ அவர்களுக்கே விதி இல்லை. விற்றால் பையனுக்கு நல்லதுதானே, கேஹி கேப்டனாகவில்லையா என்ற வாதம் இதைவிட வலுவானது. விற்கும் உரிமையை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. கேரத் பேல், தியோ வால்காட், லூக் ஷா ஆகியோரை சவுத்தாம்ப்டன் விற்றுத்தான் பிழைத்தது. ஆனால் ஆடவிட்டு, ஆட்டத்தைக் காட்டி, பிறகு விற்றது. ஒரு லீக் ஆட்டமும் ஆடாதவனை ஏட்டு மதிப்புக்காக விற்பதும் அதுவும் ஒன்றல்ல.

25 பேர் பட்டியலில் எட்டுப் பேர் உள்நாட்டில் பயின்றவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே என்றால், பட்டியலில் பெயர் இருப்பது வேறு, களத்தில் நிமிடங்கள் கிடைப்பது வேறு. ஆண்டு முழுக்க பெஞ்சைத் தேய்க்கும் மூன்றாவது கோல்கீப்பரை வைத்தே அந்த எட்டில் ஒன்றை நிரப்பலாம். ஸ்பெயினைப் போல இரண்டாம் அணிகளைக் கீழ்ப் பிரிவு லீகில் ஆடவிடலாம் என்று 2014-இல் இங்கிலாந்தில் ஒரு யோசனை வந்து, சிற்றூர்க் கிளப்களின் ரசிகர்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. நூறாண்டு பழைய ஊர்க் கிளப்கள் பெரிய கிளப்களுக்குப் பயிற்சிப் பலகையாக முடியாது என்ற அவர்கள் கோபம் நியாயமானதே. திருத்த வேண்டியது லீகின் அமைப்பை அல்ல, கணக்கு விதியை. வாங்கிய விலையை ஐந்தாண்டு வரை பிரித்து எழுதலாம் என்றால், அகாடமி வீரரை விற்ற விலையையும் அதேபோல ஐந்தாண்டுக்குப் பிரித்தே வரவு வைக்க வேண்டும். இரண்டாம் பிரிவிலும் அதற்குக் கீழும் உள்ள கிளப்களுக்கு இதிலிருந்து விலக்கு தரலாம். கூடவே, சொந்த அகாடமியில் வளர்ந்த 23 வயதுக்குட்பட்டவர் லீகில் குறிப்பிட்ட நிமிடங்கள் ஆடினால் அவருடைய சம்பளத்தைச் செலவுக் கணக்கிலிருந்தே நீக்கிவிடலாம். அப்போது விற்பதைவிட ஆடவைப்பது லாபமாகும். 2026-27 சீசனிலிருந்து நஷ்ட வரம்புக்குப் பதிலாக, வருமானத்தில் 85 சதவீதம் வரையே அணிக்குச் செலவிடலாம் என்ற விதியைக் கிளப்கள் ஏற்றிருக்கின்றன. வீரர்களை விற்ற லாபம் அந்தக் கணக்கிலும் வரவுப் பக்கமே நிற்கிறது. விதியை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஃபிஃபாவின் தயவும் தேவையில்லை. பிரீமியர் லீகின் 20 கிளப்களில் 14 கிளப்கள் கை தூக்கினால் போதும்.