ஏ.ஆர்-15: சைடு சார்ஜிங் தேவையா?

அமெரிக்காவில் ஏ.ஆர்-15ஐ பாகம் பாகமா வாங்கி வீட்லயே கோர்க்கிறவங்க நிறைய பேர். அந்த ஊர் மத்திய சட்டப்படி வரிசை எண் பொறிச்ச லோயர் ரிசீவர்தான் 'துப்பாக்கி'. அப்பர் வெறும் உதிரி பாகம். அதனால ஆளாளுக்கு அப்பர்லதான் விளையாடறாங்க. அதுல ஒண்ணுதான் சைடு சார்ஜிங்.

யூஜின் ஸ்டோனரோட ஆரம்ப மாதிரிகள்ல இழுக்கிற கைப்பிடி மேலே, தூக்குப்பிடிக்கு உள்ளே இருந்துச்சு. அப்புறம்தான் பின்பக்கம் போச்சு. இப்ப பெரிய ஸ்கோப் மாட்டினா அங்கே விரல் நுழையறது கஷ்டம். படுத்துச் சுடறவர் கன்னத்தை எடுத்துட்டுத்தான் இழுக்கணும். இடப்பக்கம் கைப்பிடி வந்தா ரெண்டு தொல்லையும் தீரும். ஒத்துக்கறேன்.

ஆனா பல மாடல்கள்ல அந்தக் கைப்பிடியை போல்ட் கேரியரோடவே பிணைச்சிருக்காங்க. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் பாயும். கட்டைவிரல் குறுக்கே வந்தா கதை கந்தல். (எஃப்.என். ஸ்காரோட முந்தைய மாடல் வச்சிருக்கறவங்களைக் கேளுங்க, சொல்வாங்க!) பாயாத மாடலும் உண்டு, அதுல உதிரிகள் கூட.

எனக்கு உறுத்தறது வேற. இதுக்குப் பெரும்பாலும் அந்தந்த கம்பெனியோட தனி கேரியர்தான் வேணும். உடைஞ்சா கடையில கிடைக்கிற சாதா கேரியர் உதவாது. யார் பாகமும் யாரோடதுலயும் பொருந்தும்ங்கறதுதானே ஏ.ஆரோட பெரிய பலம்? அதைக் காசு கொடுத்துத் தொலைக்கணுமா?

மேசைமேல வச்சு, ஸ்கோப் மாட்டி, நிதானமா குறி பார்க்கறவர்னா தாராளமா வாங்கட்டும். மத்தவங்களுக்கு நீளமான லாட்ச் வச்ச சாதா கைப்பிடி போதும். ஸ்கோப்புக்கு அடியில விரல் விட்டுத் தேட வேண்டாம், கேரியரையும் மாத்த வேண்டாம் :-)