நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு: மலையக இளைஞரின் முதல் வேலை என்னாகும்?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகவே கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தடம் அது. காணி, வீடு, சம்பளம், கல்வி என்று அந்தப் பயணத்தில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் பெரும்பாலானவை இன்றும் கோரிக்கைகளாகவே இருக்கின்றன.

இந்த நிலையில், காணியோ அரசியல் சிபாரிசோ இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் ஓரளவு திறந்திருந்த கதவு மென்பொருள் துறை. இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ இருந்து வரும் மாணவருக்கு மட்டுமல்ல, யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த வன்னிப் பிள்ளைக்கும் அது பொருந்தும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2009 வரை யுத்தத்தின் நடுவிலேயே வாழ்ந்தன. ஆகவே இந்தக் கதவுக்கு என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் பொதுவான கேள்வி.

2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தது. இன்று கேர்சர், கிளோட் கோட் போன்ற கருவிகளிடம் “இப்படியொரு பதிவுப் படிவம் வேண்டும்” என்று எழுதினால், நிரலையும் அதைச் சோதிக்கும் நிரலையும் சில நிமிடங்களில் தந்துவிடுகின்றன.

இவற்றோடு வேலை செய்பவர்களின் அனுபவம் கலவையானது. ஸ்டக் ஓவர்ஃப்ளோ தளம் 2025இல் நடத்திய கருத்துக்கணிப்பில் 49,000க்கும் அதிகமானோர் பங்கேற்றனர். 84 வீதமானோர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் அல்லது பயன்படுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனால் அவை தரும் விடைகளின் துல்லியத்தை நம்புவோர் 33 வீதம். நம்பாதோர் 46 வீதம். “ஏறக்குறைய சரி, ஆனால் முழுதாகச் சரியில்லை” என்பதே 66 வீதமானோரின் முறைப்பாடு. அடியோடு பிழையான நிரல் அப்போதே ஓடாமல் நின்றுவிடும். ஏறக்குறைய சரியான நிரலின் பிழை, வாடிக்கையாளரின் கணக்கில் தொகை மாறிய பிறகுதான் தெரியவரும்.

வேகம் பற்றிய நம்பிக்கையும் சோதனைக்குள்ளானது. அமெரிக்காவின் மீட்டர் ஆய்வு நிறுவனம் 2025இல் அனுபவமிக்க 16 நிரலாளர்களுக்கு, அவர்கள் நன்கறிந்த மென்பொருட்களிலேயே 246 பணிகளைக் கொடுத்தது. கருவிகளைப் பயன்படுத்தியபோது வேலைக்கு 19 வீதம் கூடுதல் நேரம் எடுத்தது. அவர்களோ, வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 வீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். கருவிகள் அதன்பின் வெகுவாக மேம்பட்டுள்ளன. என்றாலும், வேகம் கூடியதாகத் தோன்றுவதும் உண்மையில் கூடுவதும் வேறுவேறு என்பதை இந்த ஆய்வு காட்டியது.

புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. கிளோட் கருவியை விற்கும் அன்த்ரொபிக் நிறுவனமே 2026 தொடக்கத்தில் 52 நிரலாளர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. கருவியின் உதவியோடு புதிய விடயமொன்றைக் கற்றவர்கள் பின்னர் நடந்த பரீட்சையில் சராசரியாக 50 வீதம் பெற்றார்கள்; உதவியின்றிக் கற்றவர்கள் 67 வீதம் பெற்றார்கள். நிரலை எழுதித்தரச் சொல்லி அப்படியே ஏற்றவர்களைவிட, விளக்கம் கேட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

வேலைச்சந்தையிலும் அறிகுறிகள் தெரிகின்றன. அமெரிக்காவில் 22 முதல் 25 வயது வரையான மென்பொருள் பணியாளர்களின் எண்ணிக்கை, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து 2025 ஜூலைக்குள் ஏறக்குறைய 20 வீதம் குறைந்துள்ளதாக ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். செயற்கை நுண்ணறிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அதே துறையில் வயதில் மூத்தோரின் வேலைவாய்ப்பில் அப்படியொரு சரிவு இல்லை.

இதை மாத்தளையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது? மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் இலவச இணையவழிப் பாடநெறியைத் தோட்டத்து மாணவர் ஒருவர் வீட்டிலிருந்தே முடிக்கலாம். அதன் பிறகு அவருக்குத் தேவைப்படுவது ஒரு சிறிய வேலை: படிவத்தைத் திருத்துவது, சின்னப் பிழையைக் கண்டுபிடிப்பது, சோதனை நிரல் எழுதுவது. கருவி முதலில் எடுத்துக்கொண்டவையும் இவைதான். கொழும்பில் உறவினரும் அறிமுகமும் உள்ளவர் வேறு வழியில் உள்ளே போய்விடுவார். அறிமுகம் இல்லாதவருக்கு அந்தச் சிறு வேலைதான் அறிமுகமாக இருந்தது.

செலவையும் கணக்கிட வேண்டும். நல்ல கருவிகளின் தனிநபர் கட்டணம் பெரும்பாலும் மாதம் 20 டொலர். தோட்டத் தொழிலாளருக்கு 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750 ரூபா நாட்சம்பளத்தில், அது மூன்று நாட்களுக்கும் மேற்பட்ட உழைப்பு.

நன்மையையும் மறைக்க வேண்டியதில்லை. தனியார் வகுப்புக்குப் போக வசதியற்ற மாணவர், இரவு பத்து மணிக்கும் தமிழில் சந்தேகம் கேட்கக்கூடிய ஆசிரியராக இதே கருவியின் இலவச வடிவத்தைப் பயன்படுத்தலாம். முதலில் தானே எழுதிப் பார்த்து, பிறகு “இது ஏன் பிழை?” என்று கேட்கும் பழக்கமே அவருக்குத் தேவை. பயிற்சி நிலையங்களும் நிரல் எழுதக் கற்பிப்பதோடு நிறுத்தாமல், பிறர் எழுதிய நிரலைப் படிக்கவும் அதிலுள்ள பிழையைப் பிடிக்கவும் கற்பிக்க வேண்டும்.

டிஜிட்டல் பொருளாதாரத்தை 15 பில்லியன் டொலராக உயர்த்தும் இலக்கை வைத்திருக்கும் அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது, அதில் எத்தனை பயிலுநர் இடங்கள் மாத்தளைக்கும் முல்லைத்தீவுக்கும் கிடைக்கும் என்பதைத்தான். நிறுவனங்களும் யோசிக்க வேண்டும். இன்று பயிலுநரை எடுக்காவிட்டால், பத்து ஆண்டுகளில் கருவியின் பிழையைக் கண்டுபிடிக்கும் மூத்தவர் எங்கிருந்து வருவார்?

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. லண்டன், டொரொன்டோ, சிட்னி போன்ற நகரங்களில் மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் ஊரிலுள்ள ஒரு மாணவரின் நிரலைப் படித்துத் திருத்திக் கொடுக்கலாம். முதல் வேலைக்குப் போகும் முன்பே தன் நிரலை மூத்தவர் ஒருவர் பார்த்திருக்கிறார் என்ற நிலை, அறிமுகம் இல்லாத பிள்ளைக்கு ஓர் அறிமுகமாகும்.