கணினியின் வயதைத் தீர்மானிப்பது யார்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. மறுநாள் காலை எந்தப் பல்கலைக்கழகத் துறையிலும் இதனால் ஒரு கணினிகூடப் பழுதாகிவிடவில்லை. முந்தைய நாள் தட்டச்சு செய்த ஆய்வேட்டு இயல் அப்படியே திறந்தது; அச்சுப்பொறியும் வழக்கம்போல் இயங்கியது. ஆனாலும் இருப்புப் பதிவேட்டில் உள்ள கணினிகளில் கணிசமானவை அன்று முதல் ‘காலாவதியானவை’ என்னும் வரிசைக்கு நகர்த்தப்பட்டன.

காரணம் வெளிப்படையானது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு, இன்டெல் ஆனால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலி. முதல் இரண்டும் பெரும்பாலான கணினிகளில் உண்டு. எட்டாம் தலைமுறைச் செயலி வெளிவந்ததோ 2017-இல்தான். ஆகவே 2016-இல் நல்ல விலைக்கு வாங்கிய, 8 ஜிபி ரேம் கொண்ட ஐ5 கணினியும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. அதன் ஆற்றல் குறைந்துவிடவில்லை. தகுதிப் பட்டியல்தான் மாறியிருக்கிறது. கல்வி நிறுவனங்கள் சிறு கட்டணம் செலுத்தி மூன்றாண்டு வரை பாதுகாப்பு நீட்டிப்புப் பெறலாம் என்பது உண்மையே. ஆயினும் அது 2028-க்குத் தள்ளிப்போடுவதாகுமேயன்றித் தீர்வாகாது.

ஒரு கணினியின் ஆயுள் முடிந்ததா இல்லையா என்பதை அதைப் பயன்படுத்தும் துறையே சோதித்து முடிவு செய்ய வேண்டும். கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் அதில் லினக்ஸ் நிறுவிப் பார்ப்பது வழக்கமான நடைமுறையாக வேண்டும். நிறுவிய பின் அதைப் பேணும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் முதலாவதால் பயனில்லை.

சிக்கன ஆலோசனையாக மட்டும் இதைக் கருதிவிடக் கூடாது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை இன்றி முனைவர் பட்ட ஆய்வில் சேர்பவருக்கு யுஜிசி அளிக்கும் தொகை மாதம் 8,000 ரூபாய். எளிய புதிய மடிக்கணினி ஒன்றே அவருடைய நான்கைந்து மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். எந்த உதவித்தொகையும் இல்லாத மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. துறையின் அறைமூலையில் தூசி படிந்து கிடக்கும் பத்துக் கணினிகளுள் ஐந்து மீண்டும் இயங்கினால், சொந்தக் கணினி இல்லாத ஐந்து பேரின் எழுத்து வேலை கைப்பேசித் திரையிலிருந்து விடுபடும்.

எனினும், லினக்ஸ் நிறுவினால் பழைய கணினி புதியதாகிவிடும் என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சிலர் அளிக்கும் வாக்குறுதியை அப்படியே ஏற்பதற்கில்லை. எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரைச்சூழல் சில நூறு எம்பி நினைவகத்தில் அமைதியாக இயங்கும். நினைவகத்தைத் தின்பது உலாவிதான். பத்து இணையப் பக்கங்களைத் திறந்து வைத்தால், இயங்குதளம் மிச்சப்படுத்திய இடமெல்லாம் போய்விடும். 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் கட்டுரை எழுதலாம், பிடிஎஃப் படிக்கலாம், இரண்டு மூன்று பக்கங்கள் வரை இணையத்தில் தேடலாம். காணொளிக் கருத்தரங்கில் அமர்ந்தபடியே குறிப்பெடுப்பது சிரமம். 4 ஜிபி என்றால் அன்றாட ஆய்வுப் பணி நடக்கும். 8 ஜிபி என்றால் குறை சொல்ல அதிகமிராது. இந்த அளவுகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னர் ஏமாற்றம் நேராது.

செலவு செய்ய இயன்றால் முதலில் மாற்ற வேண்டியது ஹார்டு டிஸ்க். சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் ஏற்படும் வேறுபாட்டை எந்த இயங்குதள மாற்றமும் தருவதில்லை. அடுத்தது ரேம். இரண்டுக்கும் வழியில்லையெனில், நினைவகத்திலுள்ள தரவைச் சுருக்கி வைக்கும் ‘இசட்ரேம்’ வசதியை இயக்கிக்கொள்ளலாம், ஓரளவு கைகொடுக்கும்.

நிறுவும் முறையும் அச்சத்துக்குரியதன்று. முதலில் கணினியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் வருத்தத்துக்கு மருந்தில்லை. பிறகு ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமலேயே கணினியை அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, திரையின் தெளிவு ஆகிய நான்கையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் தொல்லை தருவது வைஃபை. அதற்கான தனியுரிமை நிலைபொருள்களை 2023-இல் வெளியான டெபியன் 12 முதல் நிறுவல் கோப்பிலேயே சேர்த்துத் தருவதால் அத்தொல்லை குறைந்திருக்கிறது. 4 ஜிபி உள்ளவற்றுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும், 2 ஜிபி உள்ளவற்றுக்கு லுபுண்டு அல்லது எல்எக்ஸ்க்யூடியுடன் கூடிய டெபியனும் பொருத்தமானவை.

லினக்ஸ் உலகமும் வயது வரம்பு விதிக்காமல் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. ஆனால் டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32 பிட் பதிப்பு இன்னும் சில காலம் உதவும். மூலநிரல் பொதுவில் இருப்பதால், ஒரு குழு கைவிட்டதை மற்றொரு குழு தொடர முடிகிறது. பெண்டியம் 4 காலத்து மேசைக்கணினிகளை உயிர்ப்பிக்க முனைவது மட்டும் வீண். அவை குடிக்கும் மின்சாரத்துக்கும் செய்யும் வேலைக்கும் பொருத்தமில்லை. அவற்றை 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

தமிழில் ஆய்வு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்கிறது. லோகித், நோட்டோ எழுத்துருக்களும் கிடைக்கின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இது லினக்ஸின் குறையன்று. எந்தப் புதிய கணினியிலும் இதுவே நேரும். அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவைக்க இதை ஒரு வாய்ப்பாகக் கொள்ளலாம்.

எதிர்வாதங்களிலும் நியாயம் இருக்கிறது. நெறியாளர் திருத்தி அனுப்பும் வேர்டு கோப்பை லிப்ரெஆபிஸில் திறந்தால் அட்டவணைகள் சில வேளை இடம் பெயரும். எஸ்பிஎஸ்எஸ் பழகியவர் ஆர் மொழிக்கு மாறச் சில மாதங்கள் ஆகும். மின்னணுக் கையொப்பம் கோரும் சில அலுவலகப் பணிகள் விண்டோஸில்தான் எளிதாக நடக்கும். ஆகவே துறைக்கு ஒன்றிரண்டு விண்டோஸ் கணினிகள் இருப்பதில் தவறில்லை. அந்த ஒன்றிரண்டின் தேவையைக் காட்டி மற்ற அனைத்தையும் கழிப்பதுதான் தவறு.

இது நடக்கக்கூடியதே என்பதற்குக் கேரளம் சான்று. 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், 2017-இல் கைட் நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனி லினக்ஸ் பதிப்பை அது பள்ளிகளுக்குத் தயாரித்து வழங்குகிறது. அங்கே மென்பொருளை வழங்கியதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களிடையிலிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகின்றன. கணினி நின்றுபோனால் கேட்பதற்குப் பள்ளிக்குள்ளேயே ஆள் இருக்கிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் இந்திய மொழி வசதிகளுடன் 2007-இலேயே வந்துவிட்டது. ஆனால் நல்ல மென்பொருள் இருப்பதும் வளாகத்தில் அது வேரூன்றுவதும் வெவ்வேறு. வேரூன்றுவதற்கு ஆட்கள் வேண்டும்.

பல்கலைக்கழகத் துறை ஒன்று இதைத் தொடங்கப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. வாரத்தில் ஒரு பிற்பகல், இரண்டு மாணவர்கள், நான்கு பென்டிரைவ்கள், சோதித்த கணினிகளைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு போதும். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த இரு மாணவர்களின் உழைப்பைத் துறை மதிப்பூதியமாகவோ பாட மதிப்பெண்ணாகவோ அங்கீகரிக்க வேண்டும். தன்னார்வத்தின் பெயரால் அதைச் சுரண்டக் கூடாது.

அடுத்த முறை கழிவுப் பட்டியல் கையொப்பத்துக்கு வரும்போது துறைத்தலைவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இக்கணினிகளுள் எத்தனை, பென்டிரைவிலிருந்து இயக்கிச் சோதிக்கப்பட்டவை? அதற்கு விடை வரும்வரை கையொப்பம் காத்திருக்கலாம்.