மூட்டை மாற்றினார்கள்; ஏணியை யார் மாற்றுவது?



தாராவியில் இருபத்தைந்து ஆண்டுகள் இட்லிக் கூடை சுமந்த நம் அக்கா ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்தார். ஐந்தாம் நாள் "வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். எந்த வீட்டுக்கு? இரும்பு ஏணியில் ஏறிப் போகும் மேலறைக்கு! "குத்துக்காலிட்டு உட்காராதே" என்று இந்தியில் சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்ததையாவது எங்கே கடைப்பிடிப்பார்? தெருக்கோடியில் இருப்பது குத்துக்காலிட்டே உட்கார வேண்டிய பொதுக் கழிப்பிடம்!

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. பலருக்கும் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அன்று வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்றார்கள். 2018-இல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு வந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆனால் உலோகத்துக்கு விலை வைத்தவர்கள், அதைத் தாங்கும் உடம்பை மறந்துவிட்டார்களே!

அறுவை பாதி வைத்தியம்தான். நாள்தோறும் காலை மடக்கி நீட்டும் பயிற்சி மறுபாதி. அது தவறினால் மூட்டு இறுகிவிடும். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. இந்த மறுபாதி எந்தப் பேரேட்டில் இருக்கிறது?

ரயில்வே எழுத்தர்களான நமக்கு மருத்துவ விடுப்பும் சம்பளமும் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு. இட்லி விற்பவருக்கும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் என்ன உண்டு? வட்டிக்காரன் உண்டு!

"ஊருக்குப் போய்ப் படுக்கட்டுமே" என்கிறார்கள் சிலர். ஆறாத காலைத் தொங்கவிட்டுத் திருநெல்வேலி வரை ஒன்றரை நாள் ரயிலில் உட்காரச் சொல்கிறார்களா? உழைப்புக்கு மும்பை, நோவுக்கு ஊரா? இந்த நகரத்துக்கு உழைத்துத்தானே அந்த மூட்டு தேய்ந்தது?

நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோம். பொங்கல் விழா மேடைக்கு வீடு வீடாக வசூல் செய்கிறோம். பாடை தூக்க நூறு பேர் வருகிறோம். வாக்கர் பிடிக்க ஒருவர் உண்டா?

நமது கோரிக்கைகள் மூன்று: ஒவ்வொரு பொதுக் கழிப்பிடத்திலும் கைப்பிடியுடன் ஒரு நாற்காலிக் கழிப்பறை, மருத்துவமனையில் நோயாளியின் தாய்மொழியில் பயிற்சி விளக்கம், அமைப்புசாராத் தொழிலாளிக்கு அறுவைக்குப் பின் மூன்று மாத உதவித்தொகை.

அரசு தரும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். சங்க நிதியில் இரண்டு வாக்கரும் இரண்டு கழிப்பு நாற்காலியும் வாங்குவோம். முறை வைத்துக் கொடுப்போம். தெருவுக்கு இருவர் பெயர் கொடுங்கள். நோயாளியின் வீட்டுக்குத் தினம் அரை மணி நேரம் போனால் போதும். கோரிக்கை மனுவில் கையெழுத்திட ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். முதல் கைநாட்டு அக்காவுடையது. ஏணியில் அவரால் இறங்க முடியாது. மனுவை நாம்தான் மேலே கொண்டு போனோம்!