பூட்டும் திறப்பும்



வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து கட்டுகஸ்தோட்டைக்கு வந்த நாள் முதல் தையல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அளவுகளைக் கொப்பியில் எழுதி வைப்பேன். கடந்த வருடம் ஒரு தோழி, அளவும் கணக்கும் பதியும் செயலி ஒன்றைத் தனது கைத்தொலைபேசியிலிருந்து எனக்கு அனுப்பினாள். நானும் நான்கு பேருக்கு அனுப்பினேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

பின்னர் கண்டியில் நடந்த சுயதொழில் கூட்டமொன்றில் அதைச் செய்த பிள்ளையைச் சந்தித்தேன். பேராதனையில் படிக்கிறாள். தகப்பன் யுத்தத்தில் காணாமற் போனவர். தாயும் தையற்காரி. செயலியின் விலை 500 ரூபா என்று அவள் சொன்னபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் தைத்த சட்டையைக் கூலி தராமல் கொண்டுபோனால் எனக்கு எப்படி இருக்கும்? அன்றே பணத்தைக் கொடுத்தேன்.

"இறுக்கமாகப் பூட்டியிருக்கலாமே, பிள்ளை?" என்று கேட்டேன்.

முதலில் அப்படித்தான் செய்தாளாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் செயலி இணையத்தில் அனுமதி கேட்கும். கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் பணம் கொடுத்து வாங்கிய அக்காவுக்குக் கலியாணத்துக்கு முதல் நாள் சிக்னல் இல்லை. மணப்பெண்ணின் அளவைப் பார்க்க முடியாமல் தவித்திருக்கிறார். யாரோ அந்தச் சோதனையை நீக்கிவிட்டுப் பரப்பிய பிரதியோ தடையின்றி ஓடியது. "காசு குடுத்த ஆளைத்தான் பூட்டு வெளியில விட்டது அன்ரி. களவெடுத்த ஆள் யன்னலால உள்ளுக்கு வந்திட்டார்" என்றாள்.

பெரிய நிறுவனங்களும் இப்படித் தவறியதுண்டு. 2005 இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் பிரதி எடுப்பதைத் தடுக்க இசைத்தட்டுகளில் மறைவாக ஒரு மென்பொருளை வைத்தது. அது வாங்கியவர்களின் கணனிகளையே ஆபத்துக்குள்ளாக்கியதால் தட்டுகளை மீளப்பெற நேர்ந்தது. 2013 இல் வந்த சிம்சிட்டி விளையாட்டு எப்போதும் இணையத்தைக் கேட்டதால், வாங்கியவர்களே விளையாட முடியாமல் நின்றார்கள். 2014 இல்தான் இணையமின்றி விளையாட வழி கொடுத்தார்கள்.

இப்போது அந்தப் பிள்ளை முறையை மாற்றிவிட்டாள். ஒருமுறை பதிந்தால் செயலி அதை 30 நாட்கள் நினைவில் வைத்திருக்கும். கூகிள் 2010 இல் கொண்டுவந்த உரிமச் சோதனையிலும் கிடைத்த பதிலைச் சில காலம் வைத்திருக்கும் வழி உண்டு. தவணை முடிந்து சிக்னல் இல்லாவிட்டாலும் அளவுக் கொப்பி ஒருபோதும் மூடாது. புதிய வடிவங்களும் தகவல்களின் சேமிப்பும் மட்டும் அவளது சேவையகத்திலிருந்து, பதிந்தவர்களுக்கே வரும். தொலைபேசி மாறினால் மீண்டும் பணம் கட்டத் தேவையில்லை.

சகோதரிகளே, இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கைமாறி வரும் பிரதியில் யார் எதைச் சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தைத் திருடும் செயலிகளும் இப்படித்தான் உள்ளே நுழைகின்றன.

வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்றும் கேட்டேன். "கேட்டால் தவணைக்குக் குடுப்பன் அன்ரி. கேக்காமல் எடுக்கிறதுதான் நோகுது" என்றாள்.

நான் அனுப்பிய நான்கு பேருக்கும் அன்றிரவே சொல்லிவிட்டேன். மூவர் பணம் கட்டிவிட்டார்கள். நான்காமவர் தவணை கேட்டிருக்கிறார்.