பயர்பாக்ஸுக்குப் படியளப்பவர் யார்?

2025 மே மாதம் வாஷிங்டன் நீதிமன்றத்தில், பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவின் நிதிப்பொறுப்பாளர் எரிக் முல்ஹைம் சாட்சி சொன்னார். வழக்கு கூகுள்மீது. தேடுபொறிச் சந்தையைக் கூகுள் சட்டவிரோதமாகத் தன் கைக்குள் வைத்திருக்கிறது என்று நீதிபதி அமித் மேத்தா அதற்கு முந்தைய ஆண்டே தீர்ப்பளித்துவிட்டார். பரிகாரம் என்ன என்பதுதான் அப்போது நடந்த விசாரணை. உலாவிகளுக்குப் பணம் கொடுத்து அவற்றில் முதல் தேடுபொறியாக இடம்பிடிக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. முல்ஹைம் அதை எதிர்த்தார். மோசில்லாவின் வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பயர்பாக்ஸ் ஈட்டுகிறது, அதில் சுமார் 85 சதவீதம் கூகுள் கொடுப்பது, அது நின்றால் பயர்பாக்ஸே நின்றுபோகக்கூடும் என்றார்.

ஒரு ஏகபோகத்தை எதிர்த்து வளர்ந்த திட்டம் இன்னொரு ஏகபோகத்தின் பணம் தொடர வேண்டும் என்று நீதிமன்றத்தில் வாதாட நேர்ந்திருக்கிறது. இதைத் துரோகம் என்று சொல்லி ஒதுக்குபவர்கள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. பயர்பாக்ஸின் நிரல் இன்றும் திறந்தே கிடக்கிறது, தரமும் குறையவில்லை. அதற்குப் படியளக்கும் கை எது என்ற கேள்வியை இருபது ஆண்டுகளாக எல்லோரும் தள்ளிப்போட்டு வந்ததன் விளைவு இது. அந்த எல்லோரில் பயர்பாக்ஸைக் காசில்லாமல் பயன்படுத்தி வந்த நாமும் அடக்கம்.

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை உலகுக்கே கொடுத்துவிடப்போவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகத் தர, நெட்ஸ்கேப்பின் வியாபாரம் சரிந்துகொண்டிருந்தது. மார்ச் 31 அன்று மோசில்லா என்ற பெயரில் நிரல் வெளிவந்தது. அதிலிருந்து மறையாக்கப் பகுதிகளை நீக்கித்தான் வெளியிட வேண்டியிருந்தது. அன்றைய அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப விடவில்லை. ஒரு நாள் முடிவதற்குள் ஆஸ்திரேலியாவிலிருந்த ஒரு குழு அந்தப் பகுதிகளைத் தானே எழுதிச் சேர்த்துவிட்டது. திறந்த நிரல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அன்று யாரும் தந்திருக்க முடியாது.

ஆனால் முதல் ஆண்டு முடிந்தபோது உற்சாகம் வடிந்திருந்தது. பழைய நிரல் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்தது. அதைச் சீர்செய்வதைவிடப் புதிதாக எழுதுவது மேல் என்று 1998 இறுதியில் முடிவெடுத்தார்கள். வலைப்பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் கெக்கோ என்னும் எஞ்சின் அப்படித்தான் நடுநாயகமானது. திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கி சரியாக ஓராண்டில் விலகினார். நெட்ஸ்கேப்பின் சம்பளக்காரர்கள் ஏறத்தாழ நூறு பேர் இதில் வேலை செய்ய, வெளியிலிருந்து பகுதிநேரமாக வந்தவர்கள் முப்பது பேர்தான் என்பது அவருடைய குறைகளில் ஒன்று. நிரலைத் திறந்துவிட்டால் உலகம் ஓடிவந்து எழுதிக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை அப்போதே அடிவாங்கியது. உலாவி என்பது மாலை நேரத்தில் எழுதி முடிக்கிற மென்பொருள் இல்லை. எழுத்து, படம், ஒலி, பாதுகாப்பு, நிரல்மொழி என்று ஒரு இயங்குதளத்துக்கு நிகரான வேலை அதில் இருக்கிறது. முழுநேர ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

மோசில்லா 1.0 வெளிவந்தபோது 2002 ஜூன் ஆகியிருந்தது. எக்ஸ்புளோரர் அதற்குள் நூறில் தொண்ணூறு கணினிகளுக்கு மேல் பிடித்துவிட்டது. எதிரி ஒழிந்ததும் மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது என்பதை ஏகபோகம் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஆறாம் பதிப்பை விட்டது; ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. ஐந்து ஆண்டுகள் இணையத்தின் வாசல் துருப்பிடித்துக் கிடந்தது. மேலெழும்பும் விளம்பரச் சாளரங்களும் வைரஸ்களும் அந்த வாசல் வழியாகத்தான் வீடுகளுக்குள் புகுந்தன.

2003 ஜூலையில் நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனம் கைகழுவியது. மீதமிருந்தவர்கள் மோசில்லா அறக்கட்டளையை அமைத்தார்கள். ஏஓஎல் விட்டுச்சென்றது 20 லட்சம் டாலர். அந்தத் தொகையோடும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடும் அவர்கள் பயர்பாக்ஸைக் கொண்டுவந்தார்கள். பெரிய மோசில்லாத் தொகுப்பிலிருந்து உலாவியை மட்டும் பிரித்து, தேவையற்றதை வெட்டி, சிறியதாகவும் வேகமாகவும் ஆக்க வேண்டும் என்று டேவ் ஹயட், பிளேக் ராஸ் முதலிய சில இளைஞர்கள் எடுத்த முயற்சி அது. 2004 நவம்பர் 9 அன்று 1.0 வந்தது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸில் ஒரு விளம்பரம். அதற்குச் செலவு செய்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பயனர்கள், அவர்கள் பெயர்கள் எல்லாம் அதில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. ஓராண்டுக்குள் பத்துக் கோடிப் பதிவிறக்கங்கள். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் தாங்களே பணம் போட்டு அதைத் தோளில் சுமந்த காலம் அது. இந்த விஷயத்தில் நமக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை மறைக்கவில்லை. சந்தாதாரர்களை நம்பி நடக்கும் பத்திரிகைக்கு அந்தப் பெயர்ப்பட்டியலின் அருமை தெரியும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. யூனிகோட் தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய அந்த ஆண்டுகளில் ‘தமிழ்விசை’ என்ற நீட்சியைப் பயர்பாக்ஸில் சேர்த்துக்கொண்டு, தனிச் செயலி எதுவுமின்றித் தட்டச்சு செய்தவர்கள் பலர். குறையும் இருந்தது. பக்கத்தின் இருபுறமும் வரிகளைச் சமமாக அமைத்தால், பயர்பாக்ஸின் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சிதறின. ஒற்றைக்கொம்பு ஒருபக்கம், மெய் ஒருபக்கம், கால் ஒருபக்கம். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எழுத்தமைப்பு நிரலை மாற்றி எழுதிய பிறகுதான் அது சரியானது. பின்னாளில் ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற எழுத்தமைப்பு நிரலகம் பயர்பாக்ஸுக்கும் குரோமுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் லிப்ரெஆபிஸுக்கும் பொதுவாயிற்று. இன்று கைபேசியில் ஒரு ‘கொ’ உடையாமல் தெரிகிறதென்றால், யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ உட்கார்ந்து எழுதிய திறந்த நிரல்தான் காரணம். சந்தைக் கணக்கு மட்டும் போட்டிருந்தால் தமிழின் முறை வர இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்?

பணம் வந்தது. பயர்பாக்ஸின் மூலையிலிருந்த தேடல் பெட்டியில் கூகுளை வைத்ததற்குக் கூகுள் பங்கு கொடுத்தது. 2005-இல் மோசில்லாவின் வருமானம் 5 கோடி டாலரைத் தாண்டியது. கிட்டத்தட்ட முழுவதும் தேடலிலிருந்து வந்தது. அதே ஆண்டு அறக்கட்டளையின்கீழ் மோசில்லா கார்ப்பரேஷன் என்ற வரிகட்டும் நிறுவனத்தை ஏற்படுத்தி, பயர்பாக்ஸை அதனிடம் ஒப்படைத்தார்கள். அன்று கூகுளிடம் சொந்த உலாவி இல்லை; இருவரின் நலனும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆகவே அந்த முடிவை அன்றைய தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் 2008 செப்டம்பர் 2 அன்று குரோம் வெளிவந்ததே, அன்றைக்கே மாற்று வழி தேடத் தொடங்கியிருக்க வேண்டும். படியளப்பவன் போட்டியாளனாகிவிட்ட பிறகும் அதே படியை நம்பியிருந்ததுதான் தவறு.

தேடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கைபேசிக்கு பயர்பாக்ஸ் ஓஎஸ் என்று ஒரு இயங்குதளம் செய்தார்கள். சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். 2014-இல் யாஹூவுக்கு மாறினார்கள். 2017-இல் கூகுளிடமே திரும்பினார்கள். பாக்கெட் சேவையை வாங்கினார்கள், 2025-இல் மூடினார்கள். எல்லாம் எங்கிருந்தாவது இன்னொரு வருமானம் வராதா என்ற தவிப்பு. பயனரிடம் நேராகக் கேட்கும் வழி மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் பொறியாளர்கள் செய்த வேலை மகத்தானது. நினைவகப் பிழைகளால் உலாவிகளில் ஓட்டை விழுவதை மொழியின் அளவிலேயே தடுக்க ரஸ்ட் நிரல்மொழியை வளர்த்தது மோசில்லா. அதில் செர்வோ என்ற புதிய எஞ்சினை எழுதத் தொடங்கி, அதன் சில பாகங்களைப் பயர்பாக்ஸுக்குள் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்தபோது வேகத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டைத் தொடங்கியவர்களில் மோசில்லாவும் ஒன்று. காமன் வாய்ஸ் என்ற பொதுக் குரல் தொகுப்பில் தமிழும் சேர்ந்திருக்கிறது.

பிறகு 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். செர்வோ குழுவும் அதில் போனது. நாளைய எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தவர்களை இன்றைய நெருக்கடிக்காக வெளியேற்றிய அந்த முடிவை நம்மால் நியாயப்படுத்த முடியவில்லை. அதே நிறுவனத்தில் தலைமை நிர்வாகியின் ஆண்டு ஊதியம் 2022-இல் ஏறத்தாழ 69 லட்சம் டாலராக இருந்தது. தொண்டுள்ளத்தோடு உழைத்தவர்கள் மனம் கசந்ததில் வியப்பில்லை. 2009 வாக்கில் உலகில் மூவரில் ஒருவர் பயர்பாக்ஸ் வைத்திருந்தார். இன்று கைபேசிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூறில் இரண்டு மூன்று பேர்.

இது ஒரு நிறுவனத்தின் சரிவு மட்டும் என்றால் தலையங்கம் எழுதியிருக்க மாட்டோம். ஓபெரா 2013-இல் தன் எஞ்சினை விட்டுவிட்டு, குரோமின் அடித்தளமான கூகுளின் குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்டும் 2018 இறுதியில் அதையே அறிவித்தது. மத்திய அரசு இந்திய உலாவிக்கென்று போட்டி நடத்தி 2025-இல் முதல் பரிசு கொடுத்ததே, நம் ஊர் ஜோஹோவின் உலா, அதுவும் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதுதான். ஜோஹோவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. புதிதாக ஒரு எஞ்சின் எழுதப் பரிசுத் தொகையான ஒரு கோடி ரூபாய் எந்த மூலைக்கு? உலகில் பரவலாகப் புழங்கும் எஞ்சின்கள் மூன்றே: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மோசில்லாவின் கெக்கோ. விளம்பரத் தடுப்பு நீட்சிகளின் பழைய அமைப்பைக் குரோம் நிறுத்தியபோது, கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த யுபிளாக் ஆரிஜின் அதில் இயங்காமல் போனது. பயர்பாக்ஸில் இன்னும் இயங்குகிறது. குரோமியத்தின் மூலநிரலும் திறந்ததுதான். ஆனால் அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனம் தீர்மானிக்கிறது.

சரி, பயர்பாக்ஸைக் காப்பாற்ற ஒருவர் பணம் கொடுக்க நினைத்தால் என்ன ஆகும்? மோசில்லா அறக்கட்டளைக்கு நன்கொடை தரலாம். அது பயர்பாக்ஸ் எழுதுகிறவர்களுக்குப் போவதில்லை; அறக்கட்டளையின் பிற பணிகளுக்குப் போகிறது. பயர்பாக்ஸ் இருப்பது மோசில்லா கார்ப்பரேஷனிடம். அதற்கு நன்கொடைப் பெட்டி கிடையாது. பத்தாயிரம் பேர் பெயரை அச்சிட்டு மகிழ்ந்த திட்டத்தில், இன்று ஒரு பயனர் அந்த நிரலுக்கென்று ஒரு டாலர் கொடுக்க வழியில்லை.

மாற்று எடுத்துக்காட்டு அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளுக்குப் புதிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை என்று 2012-இல் மோசில்லா ஒதுக்கி வைத்தது. அதைச் சமூகம் எடுத்து நடத்தியது. பிறகு தனி நிறுவனமாக்கி, பயனர்களிடம் நேராகக் கேட்டார்கள். 2022-இல் மட்டும் 64 லட்சம் டாலர் வந்தது. இன்று அது சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிறது.

கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அதே 2022-இல் மோசில்லாவின் வருமானம் சுமார் 59 கோடி டாலர். அதில் தேடலிலிருந்து வந்தது 51 கோடி. தண்டர்பேர்டுக்கு வந்தது அதில் எண்பதில் ஒரு பங்கு. பயர்பாக்ஸைப் பதினைந்து கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, நூறில் ஒருவர் ஆண்டுக்குப் பத்து டாலர் தந்தால் ஒன்றரைக் கோடி டாலர். அதை வைத்து இன்றைய மோசில்லாவை நடத்த முடியாது. எஞ்சினை மட்டும் பேணும் சிறிய, திறமையான ஒரு குழுவைப் பல ஆண்டு நடத்த முடியும். கூகுளின் பணம் வந்துகொண்டிருக்கும்போதே அந்தக் குழுவுக்குத் தனிக் கணக்கு திறக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. 2025 செப்டம்பர் தீர்ப்பில் நீதிபதி மேத்தா அந்தப் பணத்துக்குத் தடை போடவில்லை. கிடைத்திருக்கும் அவகாசம் எவ்வளவு காலத்துக்கு என்பது யார் கையிலும் இல்லை.

வெளியே இரண்டு முயற்சிகள் நடக்கின்றன. கைவிடப்பட்ட செர்வோவை லினக்ஸ் அறக்கட்டளை ஏற்றது. 2023 முதல் இகாலியா என்ற ஸ்பெயின் நாட்டுக் கூட்டுறவு நிறுவனத்தின் பொறியாளர்கள் அதை மீண்டும் எழுதிவருகிறார்கள். மற்றொன்று லேடிபேர்ட். ஆண்ட்ரியாஸ் கிளிங் என்ற ஸ்வீடன் நாட்டு நிரலர் தனி இயங்குதளம் ஒன்றின் பகுதியாகத் தொடங்கியது. 2024-இல் லாபநோக்கற்ற அமைப்பானது. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத் 10 லட்சம் டாலர் கொடுத்தார். தேடுபொறி ஒப்பந்தம் போடுவதில்லை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே விதியாக்கிவிட்டார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு வர இவ்விரண்டுக்கும் காலம் பிடிக்கும்.

அதுவரை தமிழ் நிரலர்களும் கணினித்தமிழ் படிக்கும் மாணவர்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இந்த இரண்டு எஞ்சின்களிலும் தமிழ்ப் பக்கங்களைத் திறந்து பாருங்கள்: வரி முறிவு, சமன்செய்த பத்திகள், உயிர்மெய்யின் நடுவே நிற்கும் சுட்டி, கிரந்த எழுத்துகள், தமிழ் எண்கள். பிழை கண்டால் படத்தோடு பதிவு செய்யுங்கள். முடிந்தால் திருத்தத்தையும் எழுதி அனுப்புங்கள். மாதம் நூறு ரூபாய் கொடுக்க முடிந்தவர்கள் அதையும் கொடுங்கள். இரண்டு திட்டங்களுமே நன்கொடையை நேராக நிரல் எழுதும் பணிக்கு வாங்கிக்கொள்கின்றன.